இருபது செல்கள்

தம்பியை அடக்கம் செய்து ஐந்து வாரமாகிறது. ஆனாலும் செவ்வாய் தவறாமல் அவனுடைய ரத்தம் அக்காவின் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தது. டியூபில் அதே நோயாளி எண், அன்றைய தேதி. வார்டில் கேட்டால், "நாங்க யாரும் எடுக்கலையே" என்றார்கள்.

வந்ததைப் பார்த்தே ஆகவேண்டும். அவள் வேலை அது. ஒவ்வொரு முறையும் இருபது செல்களில் குரோமோசோம்களை எண்ணுவாள். அவன் உயிரோடிருந்த கடைசி வாரம் இருபதிலும் புற்றுநோயின் கோளாறு. அவள் எழுதிய அந்த அறிக்கையைப் பார்த்துத்தான், இனிப் பயனில்லை என்று மருந்தை நிறுத்தினார்கள். அடக்கத்துக்குப் பிறகு பதினாறில், பதினொன்றில், ஆறில், இரண்டில். இன்று ஒன்றில்கூட இல்லை. எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனது.

ஒருவர் எண்ணியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பவருக்கு நோயாளியின் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். பக்கத்து மேஜைக்காரி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து சிரித்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ, பொழச்சிடுச்சு அக்கா. வீட்டுக்குச் சீக்கிரம் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றாள். டியூபை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். இன்னும் உடம்புச் சூடு ஆறவில்லை.