மறைப்பு

“இறக்குடின்னு சொல்றேன் இல்ல? எவ கட்டினா அந்தச் சாக்கை? இப்ப இறக்கலேன்னா நாளையிலேருந்து ஒருத்திக்கும் இங்க வேலை கிடையாது!”

உப்பளத்து முதலாளி தேசப்பன் கம்பத்தைக் காட்டிக் கத்தினார். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம், அவருடைய உப்பளத்து வாசலில் நிற்கிற கம்பம். உச்சியில் இருந்த கேமராவுக்கு யாரோ உப்புச் சாக்கை மாட்டிக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள்.

“நான்தான் கட்டினேன்” என்றாள் திரௌபதி.

லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் முருகையன், போட்டது போட்டபடி ஓடி வந்தான்.

ஏன் கட்டினாள் என்று அவனுக்குத் தெரியும். நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கிற பெண்களுக்கு, வீட்டுக்குக் கிளம்பும்முன் ஈரத்துணி மாற்ற ஓர் இடம் வேண்டும். முதலாளி கட்டித் தரவில்லை. அவர்களே நாலு கழி நட்டு, கீற்று கட்டி ஒரு மறைப்பு செய்துகொண்டார்கள். மேலே கூரை கிடையாது. போன மாதம் வந்த கேமரா, சாலையைப் பார்க்கிற சாக்கில் அந்த மறைப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து முருகையனுக்குச் சோறு இறங்கவில்லை.

போலீஸ் ஜீப் வந்து நின்றது. மரக்காணத்துக்குப் புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் இலக்கியா இறங்கினார்.

தேசப்பன் ஓடிப்போய் முந்திக்கொண்டார். “நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். ஊரு நல்லதுக்குன்னு என் கைக்காசைப் போட்டு வெச்ச கேமரா. வண்டிக்காரன் இடிச்சுப் போட்டுட்டு ஓடறான், புடிக்க வேணாமா? தப்பு பண்ணாதவங்களுக்கு கேமராவைக் கண்டா என்ன பயம்?”

“அப்படின்னா உங்க வூட்டு பாத்ரூமுக்கு மேல ஒண்ணு மாட்டுங்களேன்” என்றான் முருகையன்.

“டேய், வாயை மூடுடா!”

“எதுக்கு மூடணும்? ரோடு இந்தப் பக்கம் இருக்குது. கேமரா அந்தப் பக்கம் பாக்குது. எங்க பொம்பளைங்க என்ன லாரியா?”

“நீங்க கொஞ்சம் அமைதியா இருங்க” என்றார் இலக்கியா. பிறகு தேசப்பனிடம் திரும்பி, “படம் எங்கங்க போவுது?” என்றார் மரியாதையாக.

“ஸ்டேஷனுக்குத்தான் மேடம்.”

“உங்க போன்ல தெரியாதா?”

“தெரியவே தெரியாது.”

“ஒரு தடவைகூடப் பாத்ததில்ல?”

“புள்ளைங்க மேல சத்தியம் மேடம்!”

“சரிங்க.” இலக்கியா சுற்றி நின்ற உப்பளத்துப் பெண்களைப் பார்த்தார். “எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல?”

முருகையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக எடுத்துக் கொடுக்கிறாள் அம்மணி! காக்கிச் சட்டை என்றைக்குக் கைலிக்காரன் பக்கம் பேசியிருக்கிறது? அதைவிட எரிச்சல், திரௌபதி வாயைத் திறக்காமல் நிற்பது. வீட்டில் அவன் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள்.

இரண்டு நாளாகவே அவள் சரியாக இல்லை. உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழே உப்பிலிருந்தும் அடிக்கும். அதனால் பெண்கள் கண்ணை மட்டும் விட்டு முகத்தை மூடிக்கட்டி, சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அங்கே ஆளுக்கு அடையாளம் சட்டைதான். திரௌபதி என்றால் சிவப்புக் கட்டம் போட்டது, முழங்கையில் பச்சைத் துணி ஒட்டு. அந்தச் சட்டை நேற்று வீடு வந்து சேரவில்லை. கேட்டதற்கு, “ஊறப் போட்டிருக்கேன். அது என்ன பட்டா, பீரோவுல வெச்சுப் பூட்ட?” என்று எரிந்து விழுந்தாள். இன்றைக்கு வேறு ஏதோ நீலச் சட்டை.

“ஏம்மா, நீங்க என்ன சொல்றீங்க?” இலக்கியா திரௌபதியைக் கேட்டார்.

“என்னத்த சொல்றதுங்க? துணி மாத்த எவ்ளோ நேரம் ஆவும்? போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது. வேலை நேரத்துல ஒருத்தி அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருப்பாளா? அப்படி ஒழைக்கிறோம். எங்களுக்கு எதுக்குங்க காவல்?”

தேசப்பனுக்கு முகம் சிவந்தது. “யாருடி ஒழைக்கிறது? நேத்து மத்தியானம் அந்தச் செவப்புக் கட்டச் சட்டையைக் கழட்டி மடியில வெச்சிக்கிட்டு, மறைப்புக்குள்ள உக்காந்து முறுக்கு தின்னது யாரு? நீதானே? உன் சட்டை எனக்குத் தெரியாதா?”

பெண்கள் எல்லோரும் தேசப்பன் பக்கம் திரும்பினார்கள்.

“மறைப்புக்குள்ள நடந்தது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்றார் இலக்கியா.

“அது... வந்து... பொம்பளைங்கதான் யாரோ சொன்னாங்க மேடம்.”

முருகையன் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். திரௌபதி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். “இருய்யா! அவங்க பாத்துப்பாங்க.”

“எவங்கடி பாத்துப்பாங்க? இந்த ஆளுக்குச் சலாம் போடறவங்களா?”

இலக்கியா ஜீப்புக்குப் போய், முன்சீட்டிலிருந்து எதையோ எடுத்து எல்லோர் முன்னாலும் உதறினார். சிவப்புக் கட்டச் சட்டை, முழங்கையில் பச்சைத் துணி ஒட்டு.

“யாரும் சொல்லியிருக்க முடியாதுங்க. முறுக்கு தின்னதை நான் திரௌபதிகிட்டகூடச் சொல்லல” என்றார். “நேத்து இந்தச் சட்டையோட, மூஞ்சியில கட்டின துணிக்கு அடியில முறுக்கைக் கடிச்சுக்கிட்டு உள்ள தனியா உக்காந்திருந்தது நான்தான்.”