ஐந்து நிமிட எச்சரிக்கை

"கொத்தமல்லி வாங்கப் போறேன்னுதானே சொல்லிட்டு இறங்கினீங்க?"

"முதல்ல நெத்தியைக் காட்டு, ரத்தம்..."

"ரத்தம் கிடக்கட்டும். கொத்தமல்லி வாங்க அத்தை எதுக்கு? பேரம் பேசவா?"

நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள் குமுதினி. நிலநடுக்கம் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. முதல் மாடியில் அவளுடைய சமையலறை அலமாரி அப்படியே தரையில் சரிந்து கிடந்தது. கணவன் தணிகைவேலின் கையிலும் மாமியார் கையிலும் காப்பீட்டுப் பட்டைகள் இன்னும் மினுங்கின. நடுக்கம் வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவை அதிர்ந்து சொல்லிவிடும், பணம் கட்டியவர்களுக்கு மட்டும்.

"தண்டச் செலவு, வேண்டாம்னு சேர்ந்துதானே முடிவு பண்ணோம்?"

"அம்மாவால வேகமா நடக்க முடியாது குமுதா. கூட ஒருத்தர் வேணும். மூணு பேருக்குக் கட்ட வழியில்ல."

"சரி, கட்ட வேண்டாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?"

"வெளியாளுக்குச் சொன்னா பாலிசி ரத்தாயிடும்."

"யாரு வெளியாளு?"

"அது கம்பெனிக்காரங்க எழுதியிருக்கிற வார்த்தை குமுதா."

மதில் ஓரம் உட்கார்ந்திருந்த மாமியார் தலை நிமிராமல் சொன்னார். "உனக்கும் கட்டியிருக்கறதாவும், நீ பின்னாலயே வந்துடுவேன்னும் சொன்னான்ம்மா."

குமுதினி கணவன் பக்கம் திரும்பினாள். குரல் சட்டென்று தணிந்தது.

"சன்னல்ல நின்னு உங்களைப் பாத்துக் கையாட்டினேன். நீங்களும் சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கையாட்டினீங்களே!"