ஒசந்த சரக்கு

கப்பலில் வேலை பார்க்கும் ராஜாராம் ரெண்டு புட்டிகளைத் திறந்தான். "நீங்க கேட்ட ஒசந்த சரக்கு, பெரியப்பா. ஷெர்ரி ஒயின் பீப்பாயில கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி. இது பன்னெண்டு வருசம், அது பதினெட்டு. அதுதான் ஒசத்தியாம்."

"ஒட்டியிருக்கிற சீட்டை எவன் நம்புறது?"

"நீங்க ஏலக்காயை மோந்தே தரம் சொல்ற ஆளு. நீங்களே பாருங்க."

அதுவரை நான் குடித்ததே இல்லை. பன்னிரண்டு தொண்டையை எரித்தது. பதினெட்டில் உலர்ந்த திராட்சை மணந்தது, எரிச்சலும் கம்மி.

"இதையே தம்ளர் நிறைய ஊத்து."

வாங்கிப்போய், இலையில் கறிச்சோற்றுக்குப் பக்கத்தில், மகன் சீனிச்சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

குடித்துவிட்டு வந்தானென்று போன பொங்கலன்று தெருவில் நிறுத்திச் செருப்பால் அடித்தேன். அன்றைக்கு மலையேறிப் போனவன் பிணமாகத்தான் இறங்கினான்.

"குடிய்யா," என்றேன். "அப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."