கையைப் பார்க்க வந்தவர்

மரக்குச்சியின் தலையிலிருந்து பந்து மறுபடியும் உருண்டு விழுந்தது.

டாக்டர் குனிந்தார். கோல்ஃப் மைதானப் புல்லில் குத்தி வைத்த விரல் நீளக் குச்சி. அதன்மேல் எலுமிச்சை அளவு வெள்ளைப் பந்து. பார்த்துப் பார்த்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

விழுந்தது.

கை நடுங்கியது. காலை வெயிலில், பளிச்சென்று.

பக்கத்தில் மட்டையுடன் நின்றிருந்த டயர் கடைக்காரர் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவருடைய மகளின் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றப் போவது இதே கைதான்.

ஆஸ்பத்திரி வாடையே ஆகாது அவருக்கு. மகளை அழைத்துப் போனது, வந்தது எல்லாம் மனைவிதான். டாக்டர் இவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

"அந்தாளு கையைப் பார்க்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்று போன வாரமே மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"கையைப் பார்க்கறதுக்கு நீங்க என்ன ஜோசியரா?" என்றாள் மனைவி.

ஜோசியர் இல்லை. சக்கரம் பார்ப்பவர். நாற்பதில் நல்ல பிள்ளையாக ஓடும் சக்கரம், வண்டி எண்பதைத் தொட்டதும் உதறும். ஆட்டம் இருக்கிறதா என்று நிற்கும் வண்டியில் பார்த்துப் பிரயோசனம் இல்லை. டாக்டரை அவருடைய எண்பதில் பார்க்க வேண்டும்.

அந்த எண்பது எது என்பதை மகளே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். "சனிக்கிழமையானா டாக்டர் கோல்ஃப் ஆடப் போயிடுவாராம்ப்பா. நாலு பேர் பார்க்க முதல் பந்தை அடிக்கறதுக்குள்ள உயிர் போயிடுமாம்."

போதாதா?

வெளியாள் காசு கட்டினால் ஆடலாம் என்று விசாரித்து, டாக்டருக்கு ஜோடியாகப் பெயர் கொடுத்தார். ஒரு வாரமாக மொட்டை மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு, மாப் கட்டையை வைத்து வீசிப் பழகினார். வீட்டில் ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியாது.

ஒருவழியாகப் பந்து நின்றது.

பின்னால் தங்கள் முறைக்குக் காத்திருந்த நால்வரும் பேச்சை நிறுத்தினார்கள். டாக்டர் மட்டையை ஓங்கினார். வீசினார். அடிபட்ட பந்து வானத்தைப் பார்க்கவே இல்லை. கோபித்துக்கொண்டு போகிற மாப்பிள்ளை மாதிரி விறுவிறுவென்று பக்கவாட்டில் ஓடிப் புதருக்குள் புகுந்துகொண்டது.

முடிந்தது, என்று நினைத்தார் டயர் கடைக்காரர். வேறு டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான்.

"முதல் அடிதானே டாக்டர், அதை விடுங்க! இன்னொண்ணு போடுங்க" என்றார் காத்திருந்தவர்களில் ஒருவர். நண்பர்கள் ஆட்டத்தில் முதல் அடிக்கு அந்தச் சலுகை உண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

டாக்டர் தலையை ஆட்டி மறுத்தார். "நான் அடிச்சதுதானே. புதர்லேர்ந்தே எடுத்து ஆடறேன்."

அது டயர் கடைக்காரருக்குப் பிடித்திருந்தது. பிடித்து என்ன செய்ய? நடுக்கம் நடுக்கம்தானே.

இப்போது இவர் முறை.

குச்சியைக் குத்தினார். பந்தை வைத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. எத்தனை லாரி டயரைத் தூக்கி நிறுத்திய கைகள்! இந்த எலுமிச்சங்காய்க்கு முன்னால் வெடவெடவென்று உதறின.

பின்னால் யாரோ இருமினார்கள். காது சூடேறியது.

பக்கத்தில் ஒரு நிழல் மண்டியிட்டது.

"குடுங்க சார்."

டாக்டர் பந்தை வாங்கினார். இரண்டு விரல். ஒரே தடவை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல வைத்து, விரலை எடுத்தார்.

பந்து அசையவில்லை. விரலும் அசையவில்லை.

டயர் கடைக்காரர் அந்தக் கையையே பார்த்தார். சற்றுமுன் உதறிய அதே கை.

டாக்டர் எழுந்திருக்காமலே, இவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல அப்பாங்களை உள்ள விடறதில்லை சார். இன்னைக்குத்தான் முதல் தடவை ஒருத்தர் பக்கத்துல நின்னு என் கையையே பார்த்துட்டிருக்கார்."

டயர் கடைக்காரர் மட்டையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"மாடியில மாப் கட்டை வீசறீங்களாமே? உங்க பொண்ணு நேத்தே போன் பண்ணிடுச்சு. 'அப்பா உங்க கையைப் பார்க்க வராரு, நடுங்கி மானத்தை வாங்கிடாதீங்க'ன்னு. அப்புறம் ராத்திரி தூக்கம் வருமா எனக்கு?"

முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு டாக்டர் விலகி நின்றார்.

டயர் கடைக்காரர் வீசினார். பந்து எங்கே போனது என்று பின்னால் நின்ற நால்வரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"டாக்டர் கையைப் பார்த்துட்டேன்."

"அடப்பாவமே! எங்க போய்? சரி, எப்படி இருக்கு?"

புதரை விலக்கித் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்த மனிதரை ஒரு முறை பார்த்தார்.

"நடுங்குது," என்றார். "சரின்னு சொல்லிடு."