பச்சை டிக்

மேனேஜராகச் சேர்ந்த முதல் வாரமே இசக்கிராஜ் ஜெசிந்தாவோடு முட்டிக்கொண்டான். நெஞ்சுக்குள் வைக்கும் இதயக் கருவிக்கான மென்பொருளின் புதிய பதிப்பு தயார், டெஸ்ட் எல்லாம் பாஸ். அவள் தன் பொறுப்பில் இருக்கும் ரகசிய டிஜிட்டல் சாவியால் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சாவியின் கையெழுத்து இல்லாத எதையும் நோயாளிகளின் எந்தக் கருவியும் ஏற்காது.

"நாளைக்குப் போடறேன் சார்," என்று சொல்லிவிட்டு அவள் மாடிப்படி ஏறினாள்.

"மேலிடத்துல என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க மேடம்!" என்று இவனும் பின்னாலேயே ஏறினான்.

"காலையிலதான் எனக்கு ஏத்தியிருக்கேன். ஒரு நாளாவது ஓடட்டும்."

மூன்றாம் மாடியில் அவள் சட்டென்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் வெளிறிவிட்டது. கைபேசியில் பழைய பதிப்புக்கு மாற்றினாள். மெல்ல மூச்சு சீரானது.

"படி ஏறுனா துடிப்பு விட்டுப்போகுது சார். இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்களுக்கும் ஹார்ட் ட்ரபிளா?"

"சேச்சே, கல்லு மாதிரி இருந்துச்சு. சாவி கைக்கு வந்தப்போ கையெழுத்து இல்லாமலே ஏத்திக்கிற சோதனைக் கருவியை நானே கேட்டு வச்சுக்கிட்டேன். நமக்கு ஏத்திப் பார்க்காம அடுத்தவங்க நெஞ்சுக்கு எப்படி சார் அனுப்புறது?"

இசக்கிராஜின் கை தானாகத் தன் சட்டைக்கு மேல் போனது. ஆறு வருஷமாக அவன் நெஞ்சிலிருக்கும் கருவியின் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 'கையெழுத்து சரி' என்று அவன் கைபேசியில் ஒரு பச்சை டிக் விழும். ஏதோ மெஷின் போடுகிறது என்றே நினைத்திருந்தான்.

அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தான். கைபேசி அடித்தது. மேலிடம்.

"யாருய்யா நிறுத்தினது?"

"நான்தான் சார்," என்றான்.