நல்ல வெயில்

நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்பி நிமலன் திராட்சை பறிக்கும்போது சுருண்டு விழுந்து செத்த கிராமத்தைப் பார்க்கவென்று, சுகிர்தா பாரிசிலிருந்து மூன்று ரயில் மாறி இத்தாலிக்கு வந்திருந்தாள். மலைச்சரிவில் கல்வீடுகள், அவற்றுக்குக் கீழே வரிசை வரிசையாகக் கொடிகள், ஒரு நாய்கூடக் குரைக்காத அமைதி. அந்த அமைதியே அவளுக்கு ஆத்திரமூட்டியது. நிமலனோடு வேலை செய்த யூட்தான் அவளைத் தோட்டத்து முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனான். அவள் ஊர் பார்க்க வந்தவளென்று நினைத்த முதலாளி, ஒரு போத்தலைத் திறந்து கிளாஸில் வைன் ஊற்றி நீட்டியபடி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

யூட் தயங்கினான். "நாலு வருஷத்துக்கு முந்தினதாம் அக்கா. அந்த வருஷம் எறிச்ச வெயிலாலதான் இவ்வளவு ருசியாம்."

அவள் கிளாஸை வாங்கினாள், குடிக்கவில்லை. "அந்த வெயிலுக்க மத்தியானமும் ஏன் பறிக்க விட்டவர் எண்டு கேள்."

யூட் இத்தாலிய மொழியில் நீளமாகப் பேசினான். முதலாளி நெஞ்சில் கைவைத்துச் சிரித்து, கிளாஸை இன்னும் நிரப்பினார். அவன் அதைக் கேட்கவில்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு இஞ்ச வேலை வேணும் அக்கா," என்றான் யூட், நிலத்தைப் பார்த்து.

சுகிர்தா கிளாஸை மேசையில் அடித்து வைத்தாள். முதலாளியின் முகத்துக்கு நேரே குனிந்து, "நிமலன்" என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது. அவர் யூட்டைப் பார்த்தார். யூட் வாயைத் திறந்தான்.

"நீ கதையாத," என்றாள். பிறகு, வெளியே கொடிகளுக்கிடையில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிரும்படி, அந்தப் பெயரை இன்னும் உரத்துச் சொன்னாள்.