கதாநாயகனின் முதுகு

தொண்ணூற்று நான்காவது நிமிடத்தில் கதாநாயகன் எழுந்து நின்று அவளுடைய பதிலை மறைத்துவிட்டான்.

நான்கு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். நான்கு முறையும் அதே முதுகு.

எனக்கு வந்த கோபத்தை முழுதாக எழுதினால் இந்த நோட்டு தாங்காது.

இது எனக்கு உயிரான படம். ஒரு வங்கிக் கொள்ளை, ஆறு திருடர்கள், ஒரு ரயில். காதல் கிடையாது, டூயட் கிடையாது, கதாநாயகியே கிடையாது. எட்டு வயதில் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். கதாநாயகன் பெஞ்சிலிருந்து எழுந்து, பையைத் தோளில் போட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிற நடையைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன்.

அந்த நடைதான் இப்போது குறுக்கே நிற்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மாலை வகுப்பில் சைகை மொழி படிக்கிறேன். பதினான்காவது பாடம். தெரிந்த படம் ஒன்றைச் சத்தமில்லாமல் போட்டு, அதில் வருகிறவர்களின் கைகளை மட்டும் கவனித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நிமிடத்துக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு கட்டம், கைக்கு ஒரு கட்டம்.

ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை இந்தப் படத்தில் நான்கு முறை வருகிறது. திருடர்கள் முன்னால் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். பின்னால் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரு நீலச் சட்டைக்காரன், ஒரு குடைக்காரி. சும்மா கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது நிமிடம். அவன்: இங்கே உட்காரலாமா?

முப்பத்தொன்று. அவள்: நேற்று ஏன் வரவில்லை?

ஐம்பத்தெட்டு. அவன்: வீட்டில் சொல்லிவிட்டேன்.

(இதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். 'வீடு' சரிதான். 'சொல்லிவிட்டேன்' என்பதற்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது.)

தொண்ணூற்று நான்கு. அவன்: என்னோடு வருகிறாயா?

அவள் கைகளைத் தூக்குகிறாள். கதாநாயகன் எழுந்து நிற்கிறான். அவன் நகர்ந்ததும் பெஞ்ச் காலி.

படம் எடுத்தவர்களுக்கே இது தெரிந்திருக்காது. பின்னால் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். என்ன பேசினீர்கள் என்று ஒரு ஆள் கேட்டிருக்க மாட்டான். ஒரு திருடன் பை தூக்குகிற அழகுக்காக ஒருத்தியின் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நானும் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் விசில் அடித்திருக்கிறேன்.

அடுத்த அறையில் அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் போகிறாள். வேறு ஊரில், கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கையால் பேசவிட்டால் வாய் பேச வராது என்று ஒரு டாக்டர் சொன்னது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. அதனால் நாங்கள் யாரும் அவள் மொழியைப் படிக்கவில்லை. விடுதிப் பள்ளியில் அவளே படித்துக்கொண்டாள். நாங்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பதிலுக்குப் பசி, பஸ், தலைவலி என்று வாயால் ஒற்றை ஒற்றை வார்த்தை.

அவள் போவதற்குள் ஒரு முறையாவது அவளோடு ஒழுங்காகப் பேசிவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் சொல்லாமல் வகுப்பில் சேர்ந்தேன். ஏழு வாரமாகியும் கை எழவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றே நாட்கள் போய்விட்டன.

இன்றைக்குக் கோபத்தில் எழுந்துவிட்டது.

அவள் அறை வாசலில் நின்று கையால் கேட்டேன்: படம். பெண். பதில். என்ன?

அக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.

"டேய், உன் கைக்கு இன்னும் பால்பல்லே விழல," என்று கையால் சொன்னாள். இரண்டு தடவை சொல்லிக் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வந்தாள். எதையும் தேடவில்லை. நிறுத்தி வைத்திருந்த படத்தின் மேல் மூலையில் நேராக விரலை வைத்தாள். டிக்கெட் கவுண்டரின் கண்ணாடி. அதற்குள், நகத்தின் அளவுக்கு, குடைக்காரியின் கைகள். படத்தை ஓட்டவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள்.

'நான் ஏன் வரணும்? நீ வா.'

அதனால்தான் பெஞ்ச் காலி.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கோபம் அக்கா மேலேயே திரும்பியது. முதல் முறை பார்த்தபோதே தெரியுமாம், அவளுடைய பதினோராவது வயதில். அதற்கப்புறம் பதினாறு வருடம், லீவுக்கு அவள் வரும்போதெல்லாம், இதே சோபாவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தி தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாளா?

படித்த சைகையெல்லாம் மறந்து வாயாலேயே கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

அக்காவுக்கு என் கேள்விதான் புரியவில்லை போல. மறுபடி கேட்க வைத்தாள்.

"சொன்னேனே," என்றாள் கையால். "ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

இல்லவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

சோபாவில் எப்போதும் அக்கா நடுவில். இந்தக் காட்சி வந்ததும் துள்ளுவாள். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அவள் இடது கையை அம்மா இழுத்துத் தன் மடியில் அழுத்திக்கொள்வாள்.

வலது கை என் பொறுப்பு.